ஒரு நாள் முன்னதாக ஒனோமிச்சிக்கு

அன்பு மகள் நாகிசாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நம் சுயாமாவில் காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டினால்தான் வெளியே தெரியும் என்கிற அளவுக்குப் பனி, உங்கள் அடிலெய்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அம்மா சொன்னாள், ஒரே உலகத்தில் இப்படி இரண்டு டிசம்பர் எப்படி என்பது என் பள்ளிக்கூடப் படிப்புக்கு இன்னும் எட்டவில்லை. முதியோர் இல்லத்தில் உனக்கு வேலை மாற்றிக் கொடுத்தார்களா? நின்றுகொண்டே சாப்பிடாதே, அதை மட்டும் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

இந்த வருஷம் தெருச் சங்கத்துச் சுற்றுலாவுக்குச் சீட்டுக் குலுக்கியதில் பொறுப்பாளராக என் பெயர் வந்துவிட்டது. மூன்று வருஷம் முன்னால் என் பெயர் வந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும், இருபது பேரையும் திங்கட்கிழமை அழைத்துப் போய் மூடிக் கிடந்த அருங்காட்சியகத்தின் வாசலில் வரிசையாக நிறுத்தினேன், திங்கட்கிழமை எல்லா அருங்காட்சியகமும் விடுமுறை என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியாராக இருந்த நிஷிகோரி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். அதனால் இந்த முறை எல்லாப் பொறுப்பாளரும் செய்கிறபடி ஒரு தடவை முன்னதாகப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை ஒனோமிச்சிக்குப் பஸ், நானும் முடிவெட்டும் தோகுஜியும் வெள்ளிக்கிழமையே ரயிலில் கிளம்பினோம்.

இதில் ஒரு சிக்கல், நம் மூலைவீட்டுச் சவாராகி அம்மாள். போன வருஷம் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவர் நம் தெருவைத் தாண்டிப் போனதில்லை. சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தார், ஒரு வாரம் கழித்து ஒரு டப்பா ஊறுகாயோடு வந்து, என்னால எல்லாருக்கும் சிரமம், நீங்கல்லாம் சந்தோஷமாப் போயிட்டு வாங்க என்று பெயரை எடுக்கச் சொன்னார். அம்மா விடவில்லை. இவர் எல்லாத்தையும் நேர்ல பாத்து எழுதி அனுப்புவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லார் வீட்டுக்கும் கொடுக்கிற பயணப் புத்தகத்தைப் பாத்துட்டு அப்புறமா முடிவு சொல்லுங்க என்று அவரிடம் வாக்கு வாங்கிவிட்டாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏங்க, இந்தத் தடவை அவங்க பஸ் ஏறலைன்னா அப்புறம் எப்பவுமே ஏறமாட்டாங்க, வீட்டோட முடங்கிடுவாங்க, ஒழுங்காப் பாத்துட்டு வாங்க என்றாள். மூடிய அருங்காட்சியகத்தைவிடப் பெரிய பாரமாக அது என் தலையில் ஏறிக்கொண்டது.

தோகுஜி தன் மாமியாருடைய தள்ளுவண்டியைக் கொண்டுவந்திருந்தான், சவாராகி அம்மாளைப் போல வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற, முன்னால் பையும் மேலே உட்காரப் பலகையும் வைத்த பூப்போட்ட வண்டி. அவன் சவாராகி அம்மாளாக நடித்து அதைத் தள்ளிக்கொண்டு நடப்பது, நான் நேரமும் படியும் எண்ணுவது என்று ஏற்பாடு. நாற்பத்தொரு வருஷம் எரிவாயு உருளையைத் தோளில் வைத்துக் கொல்லைப்படி ஏறியவனுக்குப் படி எண்ணுவது மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒனோமிச்சியில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல், முதுகுக்குப் பின்னால் மலை, நடுவில் இருக்கிற துண்டு நிலத்தில் ஊர் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மலைப்பக்கம் போகிற சந்து எல்லாமே கல்படி. முதல் சந்தில் எழுபத்தாறு படி ஏறினோம், எழுபத்தேழாவதில் ஒரு பூனை படுத்திருந்தது, அது நகரவில்லை, நாங்கள் திரும்பிவிட்டோம். வேண்டாம் என்று எழுதிக்கொண்டேன். கூரை போட்ட கடைத்தெரு நீளமாக, வழவழப்பாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கிடந்தது, தோகுஜி அங்கே வண்டியைத் தள்ளிய வேகத்துக்குச் சவாராகி அம்மாளுக்கு அபராதம் போட்டிருப்பார்கள்.

ஒரு மூலையில் மீன் வண்டி வைத்து விற்கிற அம்மாள் ஒருத்தி, எழுபது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸும் தலைத்துணியுமாக நண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, அண்ணே, உங்க வண்டியில என்ன சரக்கு, புதுசா இருந்தா சொல்லுங்க, நான் இடத்தைக் காலி பண்ணிடறேன் என்றாள். தோகுஜி, வயசானதுதான் இருக்கு, யாரும் வாங்கமாட்டாங்க என்றான். அப்போ எடை போட்டுப் பாக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்ப நண்டைக் கழுவினாள்.

அப்புறம் அக்கரைத் தீவுக்குப் போகிற படகு. ஐந்து நிமிஷம்கூட ஆகாது, சைக்கிளோடு பள்ளிக்கூடப் பெண்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், கடல் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. எதிரே கப்பல் கட்டுகிற இடத்தில் ஒரு கப்பல் பாதி சாயம் பூசி நின்றது. மீதிப் பாதிக்கு எத்தனை நாள் ஆகும், சாயம் எத்தனை டன் என்று நான் தோகுஜியிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தால் தள்ளுவண்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்து நிற்கிறான். ரயிலில் குடித்த இரண்டு காப்பியின் வேலை. அக்கரையில் எங்கள் கண்ணுக்கு ஒரு கழிப்பறையும் படவில்லை, அதே படகில் திரும்பினோம், இக்கரையில் இவன் மாமியார் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓட, மீன்கார அம்மாள் எங்களைப் பார்த்த நொடியே கத்தியை நீட்டி, அண்ணே, இடது பக்கம், நீலக் கதவு, நீலக் கதவு என்று கத்தினாள்.

வெளியே வந்த தோகுஜி முகத்தைத் துடைத்துக்கொண்டு, டேய் ஹிராசே, காலையிலேருந்து படி எண்ணுறியே முட்டாள், அவங்க பயம் படியே இல்லடா என்றான். சவாராகி அம்மாள் தோகுஜியின் மனைவியிடம் முடிவெட்டிக்கொள்ள வரும்போது, அவள் தேநீர் கொடுத்தால் தொடமாட்டாராம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அடக்க முடிவதில்லை, நிறுத்துங்கள் என்று யாரிடமும் கேட்க வாய் வராது, அதனால் வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாராம். ஆகஸ்டில் சங்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாரே, அது வெயில் இல்லையாம். இதை நீ ஏன்டா காலையிலேயே சொல்லலை என்று கேட்டேன். பொம்பளைங்க விஷயம், என் பொண்டாட்டி சொல்லக்கூடாதுன்னா, இப்போ எனக்கே வந்ததும் சொல்லாம இருக்க முடியலை என்றான். உன் வேலையில் இதெல்லாம் நீ தினமும் பார்ப்பாய், எனக்கு அறுபத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த ஒனோமிச்சி எந்தப் படப்புத்தகத்திலும் இருக்காது. நேராக மீன்கார அம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், யாருக்கு என்று சொல்லவில்லை. நாப்பது வருஷமா விடியக்காலையிலேருந்து இந்தத் தெருவுல நிக்கிறேன், எங்க போகலாம்னு எனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தாள். கோயிலில் பின்வாசல் நல்லது, முன்வாசலில் இரண்டு படி. மிட்டாய்க் கடைக்காரன் முறைப்பான், ஆனால் விடுவான். கருவாட்டுக் கடைக்குள் போனால் முன்னால் ஆறடி அகலம், உள்ளே போகப் போக ஒரு வீடு, ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு பேரிக்காய் மரம், அதற்கும் பின்னால் பளபளவென்று புதிதாகக் கைப்பிடி வைத்த கழிப்பறை, அந்த வீட்டுத் தாத்தாவுக்காகப் போட்டதாம். ஒவ்வொரு இடமாக நாங்களே போய்க் கதவைத் திறந்து, வண்டி நுழைகிறதா என்று பார்த்து, இடையில் எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டோம். ஒரு ஊரை இப்படிக் கொல்லைப்பக்கமாகப் பார்ப்பதில் இவ்வளவு சுவாரசியம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, தோகுஜி அந்தப் பேரிக்காய் மரத்தைப் பற்றி இன்னும் பேசுகிறான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு உட்கார்ந்து புத்தகத்தில் சேர்க்க வேண்டியதை எழுதினேன். சவாராகி அம்மாளின் வசதிக்காக நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை நிற்போம் என்று எழுதி, நல்ல காரியம் செய்த முகத்தோடு தோகுஜியிடம் காட்டினேன். படித்துவிட்டுக் காகிதத்தை நான்காகக் கிழித்தான். அவங்க பேரை இருபத்திரண்டு பேர் கையில கொடுத்தியானா, பஸ் என்ன, வாசப்படிகூடத் தாண்டமாட்டாங்க என்றான். நியாயம்தான். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவை எழுதிக்கொள்ளச் சொன்னேன்: பொறுப்பாளர் ஹிராசேக்கு வயதின் காரணமாக அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருப்பதால் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை குழு முழுவதும் நிற்க நேரும், இந்தத் தொந்தரவைப் பொறுத்தருளும்படி அவர் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறார். அம்மா எழுதி முடித்துவிட்டு, உங்க துணியை முப்பத்தெட்டு வருஷமாத் துவைக்கிறேன், இது எனக்கே தெரியாதே என்றாள். காரணம் சொன்னதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எழுத்தைப் பெரிசா எழுதவா என்று மட்டும் கேட்டாள். இருபத்திரண்டு புத்தகத்திலும் கையால் எழுதி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சவாராகி அம்மாள் வாங்கிப் படித்துவிட்டு, காலையில சொல்றேன் என்றாராம்.

நாங்கள் இரவு அங்கேயே தங்கினோம், மறுநாள் காலை ஒனோமிச்சியில் பஸ் வந்து நின்றது, நானும் தோகுஜியும் கதவடியில் நின்றோம். ஒவ்வொருவராக இறங்கி என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். நிஷிகோரி வாத்தியார் என் காதோரம் குனிந்து, எனக்கும் அப்படித்தான், நீங்க தைரியமாச் சொல்லிட்டீங்க என்றார், அருங்காட்சியகம் அன்றோடு மன்னிக்கப்பட்டது. எல்லோரும் இறங்கியாயிற்று, இனி யாரும் இல்லை என்று நினைத்தபோது ஒரு தள்ளுவண்டி மெதுவாகப் படியில் இறங்கியது, அதன் பின்னால் அவர். குனிந்து வணங்கிவிட்டு, உடம்பைப் பாத்துக்கோங்க ஹிராசே ஐயா என்றார், அவ்வளவுதான்.

கடைத்தெருவில் பாதி தூரம் வந்திருப்போம். சவாராகி அம்மாள் வண்டியை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில், ஹிராசே ஐயா, நேரமாச்சே, உங்களுக்கு வரலியா என்று உரக்கக் கேட்டார். வந்துவிட்டது என்றேன். எல்லோரும் நின்றார்கள். அன்றைக்கு ஏழு தடவை அவர் எனக்காக வண்டியை நிறுத்தினார், ஏழு தடவையும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நூறு வரை எண்ணிவிட்டு வந்தேன், நின்றது நின்றோம் என்று அவரும் உள்ளே போய் வந்தார். அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று தோகுஜிக்கும் எனக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. மதியம் நூடுல்ஸ் கடையில் கிண்ணத்தைத் தூக்கி சூப்பை அடிவரை குடித்தார், பிறகு பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, கொஞ்சம் தண்ணி, இன்னொரு டம்ளர் என்றார். நானும் தோகுஜியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நூடுல்ஸைத் தின்றோம்.

இப்போது தெரு முழுக்க எனக்கு வைத்தியம் நடக்கிறது, சிறுநீர்க் கோளாறுக்கு நல்லது என்று பூசணி விதை நான்கு வீட்டிலிருந்து வந்துவிட்டது, அம்மா வேண்டுமென்றே தினமும் வறுத்து வைக்கிறாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிக்கொண்டு நன்றாக வாழ வேண்டும் என்று இங்கிருந்தே ஆசீர்வதிக்கிறேன். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. ஒன்றை மட்டும் மறக்காதே, நம் தெருவில் யாராவது உனக்குப் போன் செய்து அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், இன்னும் அப்படியேதான் இருக்கிறது, குறையவில்லை என்று சொல்லிவிடு, அடுத்த வருஷமும் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு, உடம்புக்கு ஒன்றும் இல்லாத
உன் அப்பா