பார்க்காமல் அழுத்திய பொத்தான்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கொழும்பில் விமானம் ஓட்டப் படிக்கும் என் மகள் ஸ்டெல்லா, கொட்டகலையில் எங்கள் தோட்டத்துக் கடைப் போனுக்குக் கோல் எடுத்து அழுதாள். போகும் வழியை விமானக் கம்ப்யூட்டரில் ஒருவர் பதிந்தால், மற்றவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டுமாம். கூடப் படிக்கும் பையன் இவளுக்குக் காட்டாமலே அழுத்திவிட்டான். வழியின் நடுவே ஓரிடம் விட்டுப்போயிருந்தது. வகுப்பறைக்குள்ளேயே ஓட்டிப் பழகும் போலி விமானம் திசைமாற, மாஸ்டர் இருவரையும் பெயிலாக்கிவிட்டார்.

போனிலேயே ஏசினேன்.

"நீ வாயத் தொறக்கலியாடி?"

"பெரிய எடத்துப் பையன்ம்மா."

"எங்கிட்ட மட்டும் நல்லா வாயடிப்ப! தராசு முள்ளப் பாக்காம நான் என்னைக்காவது தேயிலக் கொழுந்த எறக்கியிருக்கேனா? எட போடுற கணக்கப்புள்ள கத்துனா கத்தட்டும்!"

நாளை மறுபரீட்சை. அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதே பையன்தான் ஜோடி. அவன் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னேன்.

"கேக்கலன்னா கடிக்கவாம்மா?" என்று சிரித்தாள்.

கடி என்றுதான் சொன்னேன்.