சாக்குக்கட்டிச் சுவர்கள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தனியாகப் படியேறுகிறீர்களே என்று அப்பா தினமும் கவலைப்படுகிறார்.

தாத்தா விட்டுப்போன வீட்டை எல்லோரும் சேர்ந்து இருக்கும்படி மாற்றுகிறோம். யோசனை முழுக்க அம்மாவுடையது. இஞ்சினியரின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தைக்கிறதுக்கு முன்னாடி போட்டுப் பாக்க வேணாமா?" என்று கேட்டார். தையல் மெஷின் மேலிருந்த அளவு நாடாவையும் சாக்குக்கட்டியையும் எடுத்து, பெரிய கூடத்தின் தரையிலேயே மூன்று அறைகளை நிஜ அளவில் வரைந்துவிட்டார். ஒரு வாரம் கோடுகளைச் சுவர்களாக நினைத்து நடக்க வேண்டும் என்று உத்தரவு. அப்பா சாப்பாட்டுத் தட்டோடு வாசல் தேடிச் சுற்றினார். பெரியப்பா கோடுகளைத் தாண்டி நேராக நடந்துவிட்டு, தான் ஆவி என்றார். அம்மாவைப் போல் ஒரு மூளை எந்தப் புத்தகத்திலும் இல்லை அத்தை.

எங்கள் அறைக்கும் பெரியப்பா அறைக்கும் நடுவில் இருப்பது உங்களுடையது. "வந்து போறவளுக்கு எதுக்கு அறை" என்று பங்கு பேசிய அன்று பெரியப்பா சொன்னதும், பங்கும் வேண்டாம் இடமும் வேண்டாம் என்று நீங்கள் கிளம்பியதும் எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் தலைகீழாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பெரியம்மா பழக்கதோஷத்தில் கூடத்தைத் துடைத்துவிட்டார். வீடே காணாமல் போயிற்று! அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. அவரவர் சுவரை அவரவரே நினைவிலிருந்து வரையட்டும் என்று அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் சாக்குக்கட்டியைக் கொடுத்தார். பிறகு நாடா பிடித்து அளந்தோம். அப்பா எங்கள் அறைக்குள் முக்கால் அடி தள்ளி வரைந்திருந்தார். பெரியப்பா தன் அறைக்குள் ஒன்றரை அடி. உங்கள் அறைதான் வளர்ந்திருந்தது.

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாடா இழுத்துருக்கும்" என்றார். அம்மா அளவு நோட்டில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினார்.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். உங்கள் அறைக்கு வாசல் சமையலறைப் பக்கமா, தோட்டத்துப் பக்கமா என்று கேட்கிறார். அதை நீங்கள் வந்து நின்று சொல்ல வேண்டுமாம். அதுவரை வாசல் வரும் சுவரை எழுப்ப வேண்டாம் என்று சொன்னது பெரியப்பா.

வந்துவிடுங்கள் அத்தை. கூடத்தை இன்னும் யாரும் துடைக்கவில்லை.

உங்கள் அறையின் நடுவில் உட்கார்ந்து எழுதும்,
உங்கள் புத்தகப்புழு