தார் ரோடு மட்டும்

நவம்பர் 10, திங்கள்

போதும். ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இந்த வண்டியின் கதையைத் தேதிவாரியாக எழுதி, இணையத்தில் இந்த வண்டி ஓனர்கள் குழுவில் பெயரோடு போடப் போகிறேன். அதற்கான குறிப்பு இது.

காலையிலிருந்து தூறல். முதல் பீரியட் லேப். பாதிப் பேர் வரவில்லை.

வண்டிக்கு என்ன நோய்:

1. நாற்பதைத் தாண்டினால் காலடியில் ஓர் உறுமல்.
2. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் கடக் கடக். யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல்.
3. பூலாம்பாடி வயலுக்குப் போய்வந்தால் மட்டும் வருகிறது.
4. அரியலூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் வருவதில்லை.

நான்காவதுதான் புரியவில்லை. வாங்கி நான்கு மாதம். மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் "கோளாறு கண்டறியப்படவில்லை". வெள்ளிக்கிழமை கம்பெனி இன்ஜினியர் திருச்சியிலிருந்து வருகிறார். அவரும் அப்படியே எழுதிவிட்டால் ஃபைல் மூடப்படும். பிறகு கியர் பெட்டி கழன்று ரோட்டில் விழுந்தாலும் வாரண்டியில் கேட்க முடியாது.

அங்கே என் வண்டியைப் பார்ப்பவன் ஆரோக்கியராஜ், இனி ஆ.ராஜ். வரதராசன்பேட்டைக்காரன். பாலிடெக்னிக்கில் என் மாணவன். செய்யாத பரிசோதனைக்கு ரெக்கார்டு நோட்டில் அளவு எழுதினான் என்று இன்டெர்னல் மார்க்கில் கை வைத்தேன். ஒரு வருடம் போயிற்று அவனுக்கு. பதினாறு வருடக் கதை. நானே மறக்கவில்லை, அவன் மறந்திருப்பானா?

போன வாரம் கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டேன். "முன்விரோதம் காரணமாக வேண்டுமென்றே அலட்சியம்." வாசகம் நன்றாக வந்திருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மூடாக்கு. மழை இல்லை. காலேஜில் துணைமுதல்வர் பதவிக்கு மறுபடியும் என் பெயர் போகவில்லை. கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

சாயங்காலம் சேகர் வந்தான். என் மனைவி சுமதியின் தம்பி. ரெட்டிபாளையம் ஆலையில் ஷிஃப்ட் முடித்து, தலைமுடியெல்லாம் சிமெண்ட்டோடு.

"ரெண்டு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு நாலு வீல் டிரைவ். இன்னும் ரெண்டு ஏக்கர் இருந்திருந்தா பீரங்கி வண்டியே எடுத்திருப்பீங்க போல, மாமா."

சுமதி சிரித்தாள். குறித்துக்கொள்கிறேன்.

இதுவரை வந்த நோய்க் காரணங்கள்:
சேகர்: டயரில் காத்து கூட.
சுமதி: டெலிவரி அன்று எலுமிச்சம்பழம் வைக்க விடவில்லை.
குழுவில் ஒருவர்: கியர் ஆயில்.
குழுவில் இன்னொருவர்: "எதுவா வேணா இருக்கட்டும். சேத்துல இறக்கினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வாரண்டி போயிடும்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அரியலூருக்குக் கிளம்பும் முன் வயல் மோட்டார் கொட்டகையில் வண்டியைக் கழுவிவிடுகிறேன். எங்கள் கரிசல் சேறு காய்ந்தால் சேகர் ஆலைச் சரக்கைவிடக் கெட்டி. சக்கரத்தின் உள்பக்கம் குச்சி விட்டுச் சுரண்டி எடுப்பேன். சர்வீஸ் படிவத்தில் 'ஓட்டிய சாலை' என்ற இடத்தில்: தார் ரோடு மட்டும். 'நான்கு சக்கர இயக்கம்' என்ற இடத்தில்: பயன்படுத்தவில்லை. கீழே கையெழுத்து. மூன்று முறை.

சேற்றுக்காகவே வாங்கிய வண்டி.

நவம்பர் 12, புதன்

விடியும்போதே கொட்டியது. காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு வயல். மடை உடைந்து தண்ணீர் நின்றது. நாலு சக்கரத்தில் போட்டு இறங்கினேன். அதில் குறையே சொல்ல முடியாது, எருமை மாதிரி ஏறி வந்தது. மேட்டுக்கு வந்து ரெண்டுக்கு மாற்றினேன். உறுமல் ஆரம்பம்.

கழுவலாம் என்றால் கரண்ட் இல்லை. அந்த நேரம் பார்த்து ஆ.ராஜ் ஃபோன்.

"சார், வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி நானே ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுறேன். பெரம்பலூர்லதான் இருக்கேன். நீங்க எங்க?"

"வயல்ல." வாய் தவறி வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டான், மழைக்கோட்டோடு. வண்டியைச் சுற்றி வந்தான். கதவுவரை சேறு.

"இது எந்தத் தார் ரோடு, சார்?"

சாவியைக் கொடுத்தேன். அவன் ஓட்ட, நான் பக்கத்தில். தார் ரோடு ஏறியதும் உறுமல். திருப்பத்தில் கடக் கடக்.

"வந்துடுச்சு சார்!" பிள்ளை பிறந்த செய்தி கேட்டவன்போலச் சிரித்தான்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. சக்கரத்தின் உள்ளே ஒரு பக்கமாகச் சேறு அப்பினால் எடைச் சமன் கெடும், அதிரும். கழுவினால் போய்விடும். ஆகவே காரணம் சேறு. இயற்பியல் சொல்லித்தருகிறவன் எப்படி யோசிக்காமல் விட்டேன்? கொட்டகையில் கழுவுவதையும் சேர்த்து அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"இருங்க சார்."

வண்டியை நிறுத்தி, முப்பதடி ரிவர்ஸ் எடுத்தான். பிறகு முன்னால் ஓட்டினான். ஐம்பது. அறுபது. சத்தம் இல்லை. சேறு அப்படியே இருக்கிறது. விளங்கியது போயிற்று.

"கொட்டாய்ல கழுவிட்டு வண்டிய எப்படி வெளிய எடுப்பீங்க?"

"ரிவர்ஸ்லதான். திருப்ப இடமில்ல."

"எவ்வளவு தூரம்?"

"வாய்க்கால் வரைக்கும். நூறடி இருக்கும்."

நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நாலிலிருந்து ரெண்டுக்கு மாற்றினால் முன் சக்கரங்களின் இணைப்பை ஒரு சின்ன மோட்டார் பிரித்துவிட வேண்டும். என் வண்டியில் அது சில சமயம் பிரிப்பதில்லை. முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. பின்னால் நகர்த்தினால் முறுக்குத் தளர்ந்து தானே விட்டுக்கொள்கிறது. வண்டி வரும்போதே இருந்த குறை. வாரண்டியில் கண்டிப்பாக மாற்ற வேண்டிய பாகம்.

அதாவது, மறைப்பதற்காகக் கொட்டகைக்குப் போய் நானேதான் மூன்று முறையும் சரிசெய்து கொண்டுபோயிருக்கிறேன்.

"நாலு வீல் போடவே இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க. அதனால அந்தப் பக்கமே நான் கை வைக்கல. ரீடிங்க நீங்களே அழிச்சுட்டு வந்தா நான் என்ன சார் எழுதறது?"

குத்திக்காட்டுகிறானா, இயல்பாக வந்ததா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. மெயில் விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

"மெமோ வந்துடுச்சு சார். விளக்கம் கேட்டிருக்காங்க."

"அந்த மார்க் விஷயம்..."

"அதுல உங்க மேல எனக்குக் கடுப்புதான் சார். இன்னமும்தான். அதுக்கு வண்டிகிட்ட ஏன் காட்டப் போறேன்? வண்டி என்ன பண்ணுச்சு எனக்கு?"

கழுவ வேண்டாம், இப்படியே வெள்ளிக்கிழமை கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். டீ குடிக்கிறாயா என்று கேட்டிருக்கலாம்.

நவம்பர் 13, வியாழன்

வெயிலும் மழையும் மாறி மாறி. சுமதிக்குக் கடைவாய்ப்பல் வலி. கிராம்புத் தைலம் வாங்க வேண்டும்.

மெயிலைத் திரும்பப் பெறுவதா? பெற்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மூன்று பொய்க் கையெழுத்து. பொய் சொன்னவனுக்கு வாரண்டி தருவார்களா? இந்த வண்டியைச் சேற்றில் இறக்கக் கூடாது என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை, தேடிவிட்டேன். அப்படியானால் எதற்குப் பயந்தேன்?

சுமதி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு: "அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"உனக்குப் புரியாது" என்றேன். எனக்கும் புரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

நல்ல வெயில். பேரளி தாண்டியதிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்தேன்.

இன்ஜினியருக்கு முப்பதுகூட இருக்காது. ஆ.ராஜ் எல்லாவற்றையும் செய்து காட்டினான். நாலில் போட்டு, ரெண்டுக்கு மாற்றி, கடக் கடக், ரிவர்ஸ், நிசப்தம். இன்ஜினியர் படுத்து அடியில் பார்த்தார். எழுந்து என் படிவங்களைப் புரட்டினார்.

"தார் ரோடு மட்டும்னு எழுதியிருக்கீங்க சார். அடியில இவ்வளவு சேறு?"

'நான் வாயைத் திறப்பதற்குள்' என்று எழுத வந்தேன். இல்லை. எனக்கு நேரம் இருந்தது. திறக்கவில்லை.

"நான்தான் சார் இறக்கினேன்" என்றான் ஆ.ராஜ். "டெஸ்டுக்கு. புதன்கிழமை."

"கஸ்டமர் வண்டிய, யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல சார்."

"ஏற்கெனவே உங்க மேல ஒரு புகார் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார்."

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "இதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கா, சார்?"

"இல்லை" என்றேன்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு."

பாகம் வாரண்டியில் வருகிறது. பத்து நாள். ஆ.ராஜை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யூனிபார்ம் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பாகம் வரணும்ல சார். இவ்வளவு தேடிக் கண்டுபிடிச்சிருக்கேன்."

எனக்காக இல்லை. அதுவரை புரிகிறது.

நவம்பர் 15, சனி

மேகம். சுமதிக்குப் பல் பிடுங்கியாயிற்று.

கம்பெனிக்கு மெயில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். அதற்குப் பெயர், வண்டி எண் இரண்டும் வேண்டும். பாகம் இன்னும் வந்து சேரவில்லை.

குழுவுக்கு எழுதியது வேறு. நடந்தது அத்தனையும்: சேறு, கொட்டகை, ரிவர்ஸ், மூன்று கையெழுத்து, நான் சொன்ன "இல்லை". "தார் ரோடு மட்டும் என்று எழுதாதீர்கள், நோய் அங்கேதான் ஒளிந்துகொள்கிறது" என்று ஒரு வரி. கண்டுபிடித்தவன் பெயர் ஆரோக்கியராஜ் என்றும் எழுதியிருந்தேன். அந்தப் பெயர் இருந்தால் எந்த வண்டி என்று தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டேன். 'ஒரு மெக்கானிக்' என்று இருக்கிறது இப்போது.

பெயரை மறைத்துப் போட அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் போட்டுவிடுகிறேன்.