அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்

புதன், படுக்கப் போகும் முன்

நேற்றுப் பயிற்சியில் மூளையைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். தன் பெயரைக் கேட்டதும் யாருடைய மூளையும் சட்டென்று விழித்துக்கொள்ளுமாம். அதனால் நல்ல மேலாளர் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் ஃபேக்டரியில் பேக்கிங் பகுதிக்கு நான்தான் சூப்பர்வைசர். இன்று காலையே செய்து பார்த்தேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியாண்டி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி.

“குட் மார்னிங், முனியாண்டி” என்றேன்.

மூளை விழித்தது உண்மைதான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

“என்னா மேடம், ஏதும் தப்பு நடந்துருச்சா?”

“ஒன்னும் இல்லலா அண்ணே, சும்மாதான் கூப்ட்டேன்.”

அவர் நம்பவில்லை. அடுக்கிய பெட்டிகளை நாள் முழுக்க இரண்டிரண்டு முறை சரிபார்த்தார். தினமும் மூன்று மணிக்கு என் மேசைக்கு அவர் கொண்டுவரும் தேத்தண்ணியும் வரவில்லை.

அவர் மூளைக்கு எது அவருடைய பெயர்? அடையாள அட்டையில் இருப்பதா, நான் கூப்பிடுவதா? பயிற்சி கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியுமோ என்னவோ.

ஐந்து மணிக்கு, “வரேன் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே மற்ற எல்லோரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளும் உறுத்தியதில்லை. இன்று அவர் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த ஃபேக்டரியில் என் பெயர் தங்கச்சி என்று என் மூளைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.