கடல் இல்லாத ஊரில் ஒரு படகுக்காரி

பிப்ரவரி 3

பள்ளிக்கூடத்து மாடித் தொட்டி. நாத்தனார் உள்ளே இறங்கித் தேய்த்தாள், நான் மேலிருந்து சேற்று வாளியை இழுத்தேன். இடுப்பு போயிற்று.

கீழே வந்தால் பெரிய ஆஸ்பத்திரி மேலாளரின் போன். அங்கே இருக்கிற தண்ணீர்த் தொட்டிகளை எல்லாம் வருடம் முழுக்க நாங்களே கழுவலாமாம். ஆனால் வாளியும் பிரஷும் செல்லாது, தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற அழுத்தப் பம்பு வேண்டும். "மே மாசத்துக்குள்ள வாங்கிடுங்க மேடம். இல்லைன்னா வேற ஆள் பாத்துக்கறோம்."

பம்பின் விலையைக் கேட்ட என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 5

சிறுதொழிலுக்கு அரசாங்கத்தின் புதுத் திட்டம். அடமானம் வேண்டாம். செயலியில் பதிவு செய்து, மூன்று மாதம் கூலியை எல்லாம் போன் வழியாகவே வாங்கினால், அந்த வரவைப் பார்த்தே கடன்.

'உங்கள் தொழில் என்ன?' என்று கேட்டது. தையல் இருக்கிறது, தேனீ வளர்ப்பு இருக்கிறது, தொட்டி சுத்தம் இல்லை. "தண்ணி சார்ந்த தொழில்னு ஒண்ணு இருக்கு பாரு" என்றார் அவர். தொட்டேன். உள்ளே ஒரே ஒரு வரி. மீன்பிடிப் படகு.

"தொட்டியிலயும் தண்ணி, கடல்லயும் தண்ணி. போடு."

போட்டேன். அப்புறம் மாற்ற வழியில்லை. இங்கிருந்து கடலுக்குப் போக ஒரு ராத்திரி பஸ்ஸில் உட்கார வேண்டும்.

பிப்ரவரி 19

விடியும் முன்பே போன் அலறியது. 'கடல் கொந்தளிப்பு. இன்று தொழிலுக்குச் செல்ல வேண்டாம்.' நாத்தனார் அதைப் படித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள். "அரசாங்கமே சொல்லுது அண்ணி."

மார்ச் 11

செயலி படகின் பெயரைக் கேட்டதாம். அவர் என் பெயரைப் போட்டிருக்கிறார். அடுத்து நீளமும் அகலமும் கேட்டபோது நல்லவேளை நான் பக்கத்தில் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

வரவு ஒழுங்காக இருக்கிறது என்று செயலி நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நான் பார்க்காத மதிப்பெண். மாட்டிவைக்கத்தான் சுவரில் இடமில்லை.

மே 6

கடன் நிறுத்திவைப்பு! காரணம் — மீன் இனப்பெருக்கக் காலமாம். தடை முடிகிற வரைக்கும் படகுகளுக்குக் கடன் கிடையாதாம்.

"எங்கயோ மீன் குட்டி போடற வரைக்கும் நான் இங்க காத்துக் கிடக்கணுமா?" என்று கத்தினேன்.

"முட்டை" என்றார் அவர். "மீன் முட்டைதான் போடும்."

இன்று அவரோடு பேசப்போவதில்லை.

மே 9

இது வேறயா! கணக்கில் பணம் வந்து விழுந்திருக்கு. தடைக்கால நிவாரணமாம். கேட்காமலே.

"பம்புக்கு முன்பணம் கட்டிடலாம் அண்ணி" என்கிறாள் நாத்தனார். நான் வேண்டாம் என்றேன். எங்கோ கரையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் போக வேண்டியது இது. அதோடு, பிடிபட்டால்? இரண்டில் எது பெரிய காரணம்? எழுதத் தொடங்கியபோது முதலாவது. இப்போது இரண்டாவது.

மே 10

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பணம் வரவில்லை என்றால் ஒன்றை அழுத்த வேண்டும், குறைவாக வந்தால் இரண்டை. வந்தது வேண்டாம் என்பவருக்கு எண்ணே இல்லை.

மே 13

நேரில் போனேன். சிறுதொழில் அலுவலகத்தில் ஓர் அதிகாரி அம்மா, என் வயதுதான் இருக்கும். கதையைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் பணம் ஏன் வரலைன்னு கேட்டு வருவாங்க. நீங்கதான் முதல் ஆளா ஏன் வந்துச்சுன்னு கேக்கறீங்க."

தட்டித் தட்டிப் பார்த்தார். அவருக்கும் மாற்ற வரவில்லை. தொழில் பட்டியல் மேலிடத்துக் கொள்கையாம். வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறது, வந்து பேசுங்கள் என்றார்.

"நானா? நீங்களே சொல்லிடுங்களேன்."

"என்னால எப்படிம்மா முடியும்? நான் அவங்ககிட்டதானே சம்பளம் வாங்கறேன்."

மே 16

மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

குளிரூட்டிய மண்டபம். மேடையில் கோட்டு போட்டவர்கள் 'வளர்ச்சி', 'நீடித்த நிலைப்பு' என்று மாறி மாறிப் பேசினார்கள். கடைசியில் கேள்வி உண்டா என்றார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்! ஒலிவாங்கி வந்தது. யோசித்து வைத்ததெல்லாம் பறந்துபோயிற்று.

"ஐயா, நான் தொட்டி கழுவறவ. உங்க போன்ல நான் மீன்பிடிப் படகு. மீன் முட்டை போடற வரைக்கும் எனக்குக் கடன் இல்லையாம். பட்டியல் கடைசில 'மற்றவை'ன்னு ஒரு வரி போட்டா என்னங்க குறைஞ்சுபோகும்?"

மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு முடிதிருத்துபவர் எழுந்தார். "அவங்களாவது படகு. என்னை ஆட்டு ரோமத்துல சேத்திருக்காங்க. தலைக்கு எத்தனை கிலோன்னு கேக்குது." அடுத்து ஒரு பூட்டுக்காரர். அவர் இரும்பு ஆலையாம். புகைபோக்கியின் உயரத்தைச் சொல்லாமல் கடன் நகராதாம்.

மேடையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது அதிகாரி அம்மா என்னைத் தெரியாதவர் போல நின்று, கண்ணை மட்டும் சிமிட்டினார்.

ஜூன் 4

பட்டியலில் 'மற்றவை' வந்துவிட்டது, என்னையும் அதற்கு மாற்றிவிட்டார்கள். நிவாரணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கடனும் வந்தது.

ஆஸ்பத்திரி வேலையை மூன்று நாள் முன்பு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 9

பம்பு வந்தது. வேலைதான் இல்லை. அவர் சும்மா இருக்காமல் எங்கள் வீட்டு வெளிச்சுவரைக் கழுவினார். அழுக்கு போயிற்று. பெயின்ட்டும் போயிற்று. தவணையை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 17

அதிகாரி அம்மா போன் செய்தார். "எங்க ஆபீஸ் தொட்டியைப் பாத்துடறீங்களா?" கட்டிய நாளிலிருந்து யாரும் மூடியைத் திறக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று இங்கேகூட எழுத மாட்டேன். மாடிக்கு வந்து எட்டிப்பார்த்த ஒரு பெரிய அதிகாரி, கையிலிருந்த டீயை மெதுவாகக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டார்.

மாலைக்குள் அந்த அலுவலகத்தில் பாதிப் பேர் தங்கள் வீட்டுத் தொட்டிக்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 2

கணக்கிலிருந்து தவணை கழிந்ததையே கவனிக்கவில்லை. அவ்வளவு வேலை.

டிசம்பர் 11

நாத்தனார் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று சொல்லிவிட்டாள். "அண்ணி, ஆத்துக்கு அந்தப் பக்கம் நான் தனியாத் தொழில் ஆரம்பிக்கட்டுமா?"

கோபம் வந்தது. என் ஏணியில் ஏறி, என் வாளியைப் பிடித்து, என்கிட்டயே கத்துக்கிட்டு, எனக்கே போட்டியா? குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் கதவைத் தட்டி, "தொட்டி காலியாகுது" என்றார்.

வெளியே வந்தேன். சோபாவின் ஓரத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவு பாதியில் நின்றிருந்தது, நான் சரி என்று சொல்வதற்காக.

"நகரு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தொழில் பட்டியலில் இப்போது 'தண்ணீர்த் தொட்டி சுத்தம்' என்று தனி வரியே இருக்கிறது. அவள் அதைத் தொட்டாள். செயலி சற்று யோசித்துவிட்டுக் காட்டியது: 'உங்கள் பகுதியில் இதே தொழிலில் இருப்பவர்: ஒருவர். தொடரலாமா?'

அவள் என்னைப் பார்த்தாள். நானே அழுத்தினேன்.