டீச்சர் என்று கூப்பிட்டார்கள்

செம்பட்டி,
12.11.97

அன்பு மாமாவுக்கு,

பொன்னழகு எழுதுவது. நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு பட்டு வெந்த கை உங்களுக்கு ஆறிவிட்டதா? உறை போடாமல் தொட்டியில் இறங்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது! இங்கே மழை விடவில்லை. மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறது, உங்கள் அப்பா சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்.

வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். மலைச்சாமி அண்ணன் மகள் தமிழ்நிலா போன வியாழக்கிழமை இறந்துவிட்டாள். இரண்டாம் வகுப்புதான் படித்தாள். பள்ளிக்கூடத்தில் வைத்துப் பாம்பு கடித்துவிட்டது.

கண்ணுசாமி சாருக்குப் பதிலாக இரண்டு வருஷமாக நான்தான் பாடம் நடத்துகிறேன் என்பதும், அவர் தேங்காய் மண்டியே கதியென்று கிடக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பின்னறையில் அவர் தேங்காய் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்ததை மட்டும் நான் உங்களுக்கு எழுதியதில்லை. சாக்பீஸ் டப்பா அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. எடுத்து வாம்மா என்று அவளை அனுப்பியவள் நான்தான். மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடினேன். திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸிலேயே என் மடியில் அடங்கிவிட்டாள்.

முதலில் பிள்ளைகள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "அக்கான்னா எவன்டா பயப்படுவான், டீச்சர்னு கூப்பிடுங்கடா" என்று மாற்றியது சார்தான். ஆண் என்றால் சார், பெண் என்றால் டீச்சர், நம் ஊரில் அவ்வளவுதான். பயிற்சி முடித்தவளா என்று யார் கேட்கிறார்கள்? அப்புறம் ரேஷன் கடைக்காரரும் கண்டக்டரும் அப்படியே கூப்பிட்டார்கள், ஒரு நாள் உங்கள் அம்மாவும் வாய் தவறிக் கூப்பிட்டார். ப்ளஸ் டூவோடு நின்றுபோன எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே சார் வீட்டுக்கு வந்தார். அதற்குள் மூட்டைகள் எல்லாம் மண்டிக்குப் போய்விட்டன. மழைக்காக அன்று பள்ளிக்கு விடுமுறை, பிள்ளை தானாக விளையாட வந்திருக்கிறது, வழியில் போன நான் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று நான் சொல்வதுபோலவே ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "நீ டீச்சரா? எந்த ஆர்டர்லம்மா உம்பேரு இருக்கு? டீச்சர்னு வாயத் தொறந்தா ஆள்மாறாட்டக் கேசுல உள்ள போவ" என்றார். பள்ளியையே மூடிவிடுவார்கள் என்று சொல்லி ஊர் வாயையும் அடைத்துவிட்டார். உங்கள் அப்பாவும் கையெழுத்தைப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். தேதியைக்கூட நானே எழுதினேன், அதுதான் கேவலம்.

நேற்று தமிழ்நிலாவின் அம்மா பழனியம்மாள் வந்தாள். அன்றைக்கு விடியும் முன்பே மலைச்சாமி அண்ணனோடு தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போனவள் அவள். லீவு என்று சார் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். "லீவுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே டீச்சர், பொய் சொல்லிட்டு ஊர் சுத்தப் போயிருக்காளே, அம்புட்டுக் கள்ளி" என்று செத்துப்போன பிள்ளையைத் திட்டித் திட்டி அழுதாள். ஒரு நாள்கூட மட்டம் போடாத பிள்ளை, மாமா. அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

வருகிற திங்கட்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். காகிதத்தில் உள்ளது பொய், அன்று பள்ளி நடந்தது, மூட்டைகள் இருந்தன, நான்தான் டீச்சர், நான் அனுப்பித்தான் பிள்ளை உள்ளே போனாள் என்று பழனியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லப் போகிறேன். கேஸ் போடுவார்களோ, அதற்கு முன் அவளே என்னை அடிப்பாளோ தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பாப்பாவை ஆத்தூரில் என் அண்ணன் வீட்டில் விடுகிறேன். அவளுக்கு இருமல் இன்னும் முழுதாக விடவில்லை, குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கோபப்படுவீர்கள், தெரியும். என் பக்கத்தில் நிற்க வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது வந்துவிடுங்கள். தடுக்க வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை வாருங்கள், மாமா.

உங்கள்
பொன்னழகு