துணிமூட்டைக்குள் போன ஊசி

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசியைக் கழிவு ஊசிப் பெட்டியில் போடாமல், அவசரத்தில் படுக்கைவிரிப்பிலேயே விட்டுவிட்டேன். அழுக்குத்துணி பிரிக்கும் அக்காவின் விரலில் அது குத்திவிட்டது.

"தடிச்ச கையுறை போட்டா என்னம்மா?" என்று மேற்பார்வையாளர் அவரையே திட்டினார். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால், நோய் தொற்றாமலிருக்க அக்காவை ஒரு மாதம் மருந்து சாப்பிடச் சொன்னார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த மூன்றாம் நாள்தான் மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த நோயாளியைச் சோதித்ததில் தொற்று இல்லை. மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

"மூணு நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுதானே இருந்தே?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

இதைச் சொல்ல இங்கே எனக்கு யாருமில்லை. போனில் நான் பேசாமலிருந்தால் நீங்களே எதையாவது பேசிக்கொண்டிருங்கள். அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பெருமையடிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள், அப்பா. வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்